அடுப்பின் வாயை மூடினால் விறகு மிச்சமாகாது

மாடியில் பிரியாணிக்கு ஓர் இரும்பு அடுப்பு, பின்கட்டில் குளிக்க வெந்நீர் பாய்லர். சென்னை வீடுகளில் இவற்றைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும்: "சார், ஒரே புகை. காத்து வர்ற வழியை மூடிப் பாத்துட்டேன், அப்பவும் அடங்கல." மூடியதால்தான் அடங்கவில்லை.

விறகு சூடேறும்போது முதலில் ஈரம் போகும். 200, 300 டிகிரியைத் தாண்டினால் மரம் சிதைந்து வாயுவாகும். காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படித்தான் வெளியேறுகிறது, மிச்சம் கரி. அந்த வாயு முழுக்க எரிய 600 டிகிரிக்கு மேல் சூடும் போதிய காற்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் புகைதான். காசு கொடுத்து வாங்கிய விறகு எரியாமலே வானத்துக்குப் போகிறது.

கம்பித் தட்டுக்குக் கீழே வரும் காற்று கரியை எரிக்கும். மேலே பக்கவாட்டில் உள்ள துளைகள் வாயுவை எரிப்பதற்கானவை. "சூடு வெளியே போகுது" என்று அந்தத் துளைகளைக் களிமண் வைத்து அடைத்திருப்பார்கள். நான் போனதும் முதலில் சுரண்டுவது அதைத்தான். தீ அதிகமென்றால் ஒரு கட்டையை வெளியே இழுங்கள். சூட்டை விறகின் அளவால் குறைக்க வேண்டும், காற்றை நெரித்து அல்ல. நாலு கட்டையைத் திணித்துக் கதவைச் சாத்துவதைவிட, மெல்லிய இரண்டு துண்டுகளை அடிக்கடி போடுவது மேல்.

புகைபோக்கி விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. குழாய்க்குள் உள்ள சூடான வாயு வெளிக்காற்றைவிட லேசாக இருப்பதால்தான் மேலே இழுபடுகிறது. குளிர்நாட்டில் இது சுலபம். மே மாத மதியம் வெளியே 38 டிகிரி இருக்கும்போது, பற்றவைக்காத ஆறடித் தகரக் குழாய் எதை இழுக்கும்? அதனால் கொட்டாங்குச்சி, சுள்ளி போட்டுச் சின்னதாக, ஆனால் சுறுசுறுப்பாக ஒரு தீ மூட்டிக் குழாயைச் சூடாக்கிவிட்டு, பிறகு கட்டையை வையுங்கள். குழாய் கைப்பிடிச் சுவருக்குக் கீழேயே நின்றுவிட்டால் மதியம் அடிக்கும் கடல்காற்று சுவரில் மோதிச் சுழன்று புகையைத் திருப்பி அனுப்பும். பக்கத்தில் நாலு மாடி அடுக்ககம் எழும்பியிருந்தால் இன்னும் மோசம். குழாய் உச்சியில் உள்ள தொப்பியை மாற்றிப் பயனில்லை, குழாயை உயர்த்த வேண்டும்.

அடுத்தது ஈரம். ஐப்பசி மழையில் விறகுத் தொட்டியில் வாங்கும் பச்சைச் சவுக்கில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீராக இருக்கலாம். அதை ஆவியாக்கப் போகும் சூட்டைவிட, தீ தணிந்து வாயு எரியாமல் போவதுதான் பெரிய நஷ்டம். கோடையிலேயே வாங்கிப் பிளந்து, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு அடுக்குங்கள். தார்ப்பாயால் முழுக்கச் சுற்றினால் உள்ளே பூஞ்சைதான் வளரும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு எதுவும் அடுப்புக்குள் போகவே கூடாது.

பற்றவைத்துக் கால் மணி நேரத்துக்குப் பிறகும் குழாய் நுனியில் புகை அடர்த்தியாகத் தெரிந்தால் ஏதோ தவறு. குறைந்த சூட்டிலேயே ஓட்டினால் குழாயின் உள்ளே தார் படியும். அது ஒருநாள் தீப்பிடிக்கும். குழாயின் சூட்டைப் பார்க்க, அதில் ஒட்டும் காந்த வெப்பமானி போதும். துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்புக் கருவி பளபளக்கும் ஸ்டீலில் பொய் சொல்லும்.

புகை நின்றதும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை, ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். குளியலறைக்குள்ளேயே பாய்லர் வைக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் வேலை செய்து தருவதில்லை. தணல் முழுக்க அணையும்வரை டேம்பரை, அதாவது புகைக்குழாயை அடைக்கும் தகட்டை, மூடாதீர்கள். சாம்பலுக்குள் கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கும்; மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வையுங்கள், மாநகராட்சியின் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டாதீர்கள்.