தேன்சிட்டின் தொண்டை படத்தில் ஏன் கறுத்துப்போகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்புறம் அப்படியொன்றும் பெரிதில்லை. ஒரு கறிவேப்பிலை மரம், இரண்டு வாழை, வேலியோரம் செம்பருத்தி, துணி காயப்போடும் கம்பி. அதற்கே தினமும் காலையில் தேன்சிட்டு வந்துவிடும். போன மாதம் அந்த ஆண் சிட்டை ஐம்பது அறுபது படம் எடுத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்ன தம்பி, கழுத்துல கரியைப் பூசிவிட்ட மாதிரி இருக்கு? நேர்ல நீலமாத்தானே மின்னும்?”

அடுத்த படத்துக்குத் தள்ளினேன். அதே கிளை, அதே சிட்டு, தலையை மட்டும் கொஞ்சம் திருப்பியிருந்தது. தொண்டை முழுக்க ஊதா கலந்த நீலம், மின்சாரம் பாய்ந்தது போல.

“இது வேற குருவி.”

“இல்லக்கா, அதே குருவிதான்.” இரண்டு படத்துக்கும் இடையில் ஒரு நொடிகூட இல்லை. கேமராவே நேரத்தைப் பதிந்து வைத்திருக்கிறது.

அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கறுத்த படத்தைக் கணினியில் போட்டு, இருண்ட பகுதியை மட்டும் வெளிச்சமாக்கிப் பார்த்தேன். நீலம் இருளுக்குள் ஒளிந்திருந்தால் வெளியே வரவேண்டும் அல்லவா? வரவில்லை. அழுக்குப் பழுப்பு ஒன்றுதான் வந்தது, புள்ளி புள்ளியாக. அந்தப் பழுப்பில்தான் விஷயமே இருக்கிறது.

பறவைகளுக்கு நிறம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று நாம் நன்றாக அறிந்த வழி, சாயம். இந்தச் சிட்டின் வயிற்று மஞ்சள் அப்படிப்பட்டது. கரோட்டினாய்டு என்ற நிறமி அது. கேரட்டுக்கும் பப்பாளிக்கும் நிறம் தருகிற அதே குடும்பம். பறவையின் உடம்பால் அதைப் புதிதாக உண்டாக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மஞ்சளில் நனைத்த வேட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் மஞ்சள்தானே? இதுவும் அப்படித்தான். என் ஐம்பது அறுபது படத்திலும் வயிறு மஞ்சளாகவே விழுந்திருந்தது.

தொண்டை நீலம் வேறு கதை. அங்கே நீலச் சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. அந்த இறகை அம்மியில் வைத்து அரைத்தால் கறுத்த தூள்தான் மிஞ்சும். அதில் இருக்கும் ஒரே நிறமி மெலனின். நம் தலைமுடியைக் கறுப்பாக்குகிற அதே பொருள். இறகின் நடுத்தண்டிலிருந்து கிளைகள் பிரியும், கிளைகளிலிருந்து இன்னும் நுண்ணிய கிளைகள். கடைசியாகப் பிரியும் அந்த நுண்கிளைக்குள் மெலனின் தட்டைத் தட்டையான வில்லைகளாக, தோசையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் படிந்திருக்கும். இடைவெளிகளில் கெரட்டின், அதாவது நம் நகம் எதனால் ஆனதோ அது.

இந்த அடுக்குதான் வித்தை செய்கிறது. மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வாசலில், மழை விட்டதும் பாருங்கள். தேங்கிய தண்ணீரில் எண்ணெய் பரவி வானவில் காட்டும். எண்ணெய்க்கு அந்த நிறம் இல்லை, தண்ணீருக்கும் இல்லை. எண்ணெய்ப் படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், உள்ளே போய் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் வெளியே வந்து சேரும்போது ஒன்றோடொன்று மோதுகின்றன. திருவிழாவில் இரண்டு உறுமி மேளக் குழு அருகருகே வாசிப்பதுபோல. அடியோடு அடி விழுந்தால் நெஞ்சு அதிரும். ஒன்றின் அடி மற்றதன் இடைவெளியில் விழுந்தால் தாளமே குழம்பிவிடும். ஒளியில் இந்தக் குழப்பம் இன்னும் கறாரானது, இரண்டும் ஒன்றையொன்று அழித்தே விடும். எந்த அலைநீளத்துக்கு அடியோடு அடி விழுகிறதோ அந்த நிறம் மட்டும் ஓங்கித் தெரியும். எது ஓங்கும் என்பதைத் தீர்மானிப்பது படலத்தின் தடிமன். சிட்டின் தொண்டையில் இப்படி ஒரு படலம் இல்லை, பல அடுக்கு. அதனால்தான் எண்ணெய் வானவில்லைவிட அது பல மடங்கு பளீரென்று இருக்கிறது.

தடிமன் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு மயிலிறகைவிட நல்ல சாட்சி இல்லை. நம் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை, தைப்பூசக் காவடிகளில் எத்தனை! மயிலின் நுண்கிளையில் மெலனின், வில்லையாக இல்லாமல் குச்சி குச்சியாகக் கட்டம் போட்டதுபோல் நிற்கிறது. குச்சிக்குக் குச்சி இடைவெளி சுமார் 140 நானோமீட்டர் என்றால் நீலம், 150 என்றால் பச்சை, 165 என்றால் மஞ்சள். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர். பத்து நானோமீட்டர் தள்ளி வைத்தால் நீலம் பச்சையாகிவிடுகிறது என்றால் என்ன கைத்திறன் பாருங்கள். காவடியில் சுற்றிய மஞ்சள் துணி சில வருஷத்தில் வெளுத்துவிடும், அதில் செருகிய மயிலிறகு வெளுப்பதில்லை. துணியில் சாயம் சிதைகிறது. இறகில் சிதைய நீலச் சாயமே இல்லை, அந்த அமைப்பு கெடாத வரைக்கும் நிறம் நிற்கும்.

வீட்டில் ஒரு மயிலிறகு இருந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து இறகின் மேல் அடியுங்கள். கண் போன்ற அந்த வட்டம் ஜொலிக்கும். பிறகு டார்ச்சை இறகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். நீலம், பச்சை எல்லாம் போய் வெறும் பழுப்பாக நிற்கும். என் கணினியில் வந்த அதே பழுப்பு. இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1665-லேயே மயிலிறகை நுண்ணோக்கியில் வைத்து, தண்ணீர் பட்டதும் நிறம் போய்விடுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். நிறம் சாயத்தில் இல்லை, ஒளி பட்டுத் திரும்பும் விதத்தில் இருக்கிறது என்று அன்றைக்கே அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

சரி, சிட்டுக்கு வருவோம். தட்டையான அடுக்கு என்பதால் அது கண்ணாடி மாதிரி நடந்துகொள்கிறது. ஒளி எந்தச் சாய்வில் வந்து விழுகிறதோ, அதே சாய்வில் மறுபக்கம் திருப்பி அனுப்பும். அந்தத் திசையில் நீங்கள் நின்றால் நீலம். நிற்காவிட்டால் உங்களிடம் எதுவும் வந்து சேராது. மற்ற ஒளியை மெலனின் விழுங்கிவிடும். மிச்சம் கறுப்பு. கேமரா பொய் சொல்லவில்லை. நேரில் பார்க்கும்போது சிட்டு ஓயாமல் தலையை ஆட்டுகிறது, நம் கண்ணும் மனசும் அந்த மின்னல்களை எல்லாம் சேர்த்து “நீலத் தொண்டை” என்று முடிவுகட்டிவிடுகின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி மட்டும் திறந்து மூடுகிற கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை.

மயில்கழுத்துப் பட்டுப்புடவையும் திருப்பினால் நிறம் மாறுகிறதே என்று கேட்கலாம். அது வேறு. பாவில் ஒரு சாயம், ஊடையில் ஒரு சாயம், எது தூக்கலாகத் தெரிகிறது என்பதுதான் மாறுகிறது. பெயர் மட்டும் பொருத்தமாக வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. இதை ஹம்மிங் பேர்டு என்று சொல்லாதவர் எங்கள் ஊரில் குறைவு. ஹம்மிங் பேர்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் உள்ள பறவை. நம்முடையது தேன்சிட்டு, மலாய்க்காரர்கள் கெலிச்சாப் என்பார்கள். மின்னும் தொண்டை இரண்டுக்கும் தனித்தனியாக அமைந்தது.

தோட்டத்துப் பக்கம் நடந்தால் இந்தக் கணக்குக்கு நேர் எதிரான பறவை ஒன்று நிற்கும். செம்பனைக்கு நடுவே ஓடும் வாய்க்கால் ஓரத்தில், மின்கம்பியில், வெண்தொண்டை மீன்கொத்தி. பெயர்தான் மீன்கொத்தி, பல்லியும் தவளையும் பூச்சியும்தான் அதற்கு அதிகம் கிடைக்கிறது. அதன் முதுகு நீலத்தை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் நீலமாகவே விழும். அங்கேயும் நீலச் சாயம் இல்லை! ஆனால் அடுக்குக்குப் பதில் பஞ்சு. இறகுக் கிளையின் கெரட்டினுக்குள் காற்றறைகள், இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கின் நுரையைப் போல. தே தாரிக் நுரையில் குமிழி பெரிதும் சிறிதுமாகக் கலந்துகிடக்கும், எல்லா நிறமும் சிதறி வெளுத்துத் தெரியும். மீன்கொத்தியின் நுரையில் குமிழிகளின் இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவு, அதுவும் நீல ஒளிக்குத் தோதான அளவு. எந்தத் திசைக்கும் தனிச் சலுகை இல்லாத அமைப்பு என்பதால், நீலத்தை அது எல்லாப் பக்கமும் வாரி இறைக்கிறது. வானம் நீலமாக இருக்கிற அதே காரணம்தான் இதற்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மின்னணு நுண்ணோக்கிப் படங்களை 1990களில் கணக்குப்போட்டுப் பார்த்த பிறகுதான், ஒழுங்கற்றதாகத் தெரிந்த அந்தப் பஞ்சுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருப்பது தெளிவானது. கிளிப்பச்சை இந்த நீலத்தின் மேல் மஞ்சள் நிறமி சேர்ந்தது. கூண்டில் விற்கும் சின்னக் கிளிகளில் நீல நிறத்தவை, அந்த மஞ்சளை இழந்தவை.

ஆகவே மீன்கொத்திக்குப் பொறுமையும், தேன்சிட்டுக்கு நிற்கும் இடமும் வேண்டும். தொண்டை, வெயிலுக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய நடுவே உள்ள திசையைப் பார்க்க வேண்டும். வெயில் உங்கள் முதுகில் விழுந்தால் நடுத்திசை என்பது நீங்கள்தான். அது உங்களைத் திரும்பிப் பார்த்தாலே போதும். நான் என்ன செய்தேன்? எங்கள் அடுப்படி வாசல் கிழக்கே பார்த்தது. படியில் காப்பியோடு சுகமாக உட்கார்ந்து, வெயிலைப் பார்த்துக்கொண்டே படம் எடுத்திருக்கிறேன்.

நேரமும் குறுகியது. நம் கடிகாரம் கொஞ்சம் ஏமாற்றும். 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து, சூரியன் எழவே ஏழு தாண்டிவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அப்புறம் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை வீதம் கிடுகிடுவென்று ஏறும். ஒன்பதே காலுக்கெல்லாம் 30 பாகை. பத்தரைக்கு மேல் வெயில் முதுகிலும் தலையிலும்தான் விழும், தொண்டைக்கு நிழல். லேசான மேகம் இருந்தால் நல்லது. ஒளி வானம் முழுவதிலுமிருந்து வருவதால் நீலம் அடங்கித் தெரியும், ஆனால் முழுக் கறுப்பாகாது. பளீர் என்று மின்னும் இடம் வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வைப்பேன். ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியைவிட மெதுவாகப் போவதில்லை. தொடர்ச்சியாகச் சுட வேண்டும், தலை எப்போது திரும்பும் என்று நமக்குத் தெரியாது. ஃபிளாஷ் போட்டால் ஒளியும் கேமராவும் ஒரே திசை, நீலம் உடனே கிடைக்கும்தான். துணிக்கம்பியில் கூடு தொங்கும்போது மட்டும் அந்த ஆசை வேண்டாம். குஞ்சுகளை விட்டுத் தாய் விலகிப்போனால் நம் படத்தால் என்ன லாபம்.

எத்தனை நன்றாக எடுத்தாலும் பெட்டைச் சிட்டு பார்ப்பது நம் படத்தில் இருக்காது. பறவைக் கண்ணில் நிறம் உணரும் கூம்பு நான்கு வகை, நமக்கு மூன்று. நாம் காணாத புற ஊதாவும் அதற்குத் தெரியும். கேமராவை நம் கண்ணுக்காகத்தானே செய்தார்கள்.

மறுவாரம் வேலிப்பக்கம் முதுகில் வெயில் விழ நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எட்டரை மணிக்குள் 112 படம். அதில் ஒன்பது படத்தில் தொண்டை முழுசாக எரிந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் குருவி” என்றார். அடுக்கு, மெலனின் எல்லாம் சொல்லி, டவுன் கம்பியில் சாயங்காலம் கூட்டமாக உட்காரும் பெர்லிங் பறவைகூட வெயிலில் கரும்பச்சையாக மின்னும், ஏன், காக்கையின் சிறகில்கூட ஊதா ஓடும் என்றேன். 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்த காக்கை அது.

“அதுவும் கப்பல்ல வந்ததா?” என்றார் அக்கா. எழுந்து போய், சாமிக்குப் படைத்த சோற்றில் ஒரு பிடியைச் சுவரின் மேல் வைத்துவிட்டு வந்தார். “வெயில் போறதுக்குள்ள அதையும் ஒண்ணு எடு தம்பி.”