கரும்புகையும் ரீங்காரமும்: ஆல்கோ, இஎம்டி லோகோக்கள் இயங்கும் விதம்

சிக்னல் விழுந்ததும் லோகோ பைலட் நாட்சை, அதாவது எஞ்சின் திறனைக் கூட்டும் கைப்பிடியின் படிகளை, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றுகிறார். பெட்டிகள் அசைவதற்கு முன்பே லோகோவின் கூரையிலிருந்து கரும்புகை திரண்டு மேலே போகிறது. பிளாட்பார முனையில் கேமராவோடு நிற்கிறவருக்கு அந்தப் புகைதான் வேண்டும். அதே பிளாட்பாரத்தில் நிற்கும் இன்னொரு ரசிகருக்கு அது கேலிப்பொருள்: "எங்க இஎம்டியைப் பாருங்க, இந்த ஆர்ப்பாட்டமே கிடையாது" என்பார். இந்திய ரயில் ரசிகர்களிடையே ஆல்கோ, இஎம்டி என்ற இரண்டு அமெரிக்க டீசல் லோகோ தயாரிப்பாளர்களின் பெயரால் பிரிந்த இரண்டு கட்சிகளும் இப்படித்தான் பல வருடமாக வழக்காடிக்கொண்டிருக்கின்றன. இந்த வழக்கை அறிவியலாகப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: எஞ்சினுக்குள் காற்று எப்படிப் போகிறது?

கதைச் சுருக்கம் இதுதான். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து டபிள்யூடிஎம்-2 ரக லோகோக்கள் 1962-இல் இந்தியாவுக்கு வந்தன. 1964 முதல் வாரணாசியில் இருந்த டீசல் லோகோ தொழிற்சாலை அவற்றை இங்கேயே கட்டியது. 2,600 குதிரைத்திறன், 16 சிலிண்டர். 1969-இல் ஆல்கோ லோகோ கட்டுவதையே நிறுத்திவிட்டது. வாரணாசி நிறுத்தவில்லை. அதே எஞ்சினை 3,100, 3,300 குதிரைத்திறன் என்று ஏற்றிக்கொண்டே போய் இன்னும் பல பத்தாண்டுகள் ஓட்டியது. பிறகு 1995-இல் ஜெனரல் மோட்டார்ஸின் இஎம்டி பிரிவோடு ஒப்பந்தமாகி, 4,000 குதிரைத்திறன் கொண்ட சரக்கு லோகோவான டபிள்யூடிஜி-4 வந்தது. இவற்றுக்கு முதல் வீடு ஹூப்ளி ஷெட். பின்னாலேயே பயணிகள் வண்டிக்கான டபிள்யூடிபி-4 வந்தது.

ஆல்கோ எஞ்சினின் மொத்தக் கொள்ளளவு சுமார் 175 லிட்டர், இஎம்டியினுடையது சுமார் 186 லிட்டர். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று 2,600-இல் தொடங்கியது, மற்றது வரும்போதே 4,000. காரணம், ஆல்கோ நான்கு ஸ்ட்ரோக், இஎம்டி இரண்டு ஸ்ட்ரோக்.

நான்கு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒரு முறை கீழே இறங்கி காற்றை இழுக்கும், ஏறி அழுத்தும், எரிபொருள் வெடித்துக் கீழே தள்ளும், மறுபடி ஏறிப் புகையை வெளியே தள்ளும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வெடிப்பு. இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. இதைச் சொன்னதும் பலருக்கு நீலப்புகை விட்டுக்கொண்டு போகும் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் ஞாபகம் வரும். அதில் பெட்ரோலும் ஆயிலும் காற்றோடு கலந்தே உள்ளே போகும், எரியாத கொஞ்சம் அப்படியே வெளியேயும் போய்விடும். லோகோவில் அந்தப் பிரச்சினை இல்லை. உள்ளே போவது வெறும் காற்று. அது நன்றாக அழுந்திச் சூடான பிறகுதான் தலைப்பகுதியில் இருக்கும் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சும்.

காற்று போகும் வழியும் அழகானது. சிலிண்டரின் கீழ்ப்பகுதிச் சுவரைச் சுற்றித் துளைகள். பிஸ்டன் கீழே வரும்போது அந்தத் துளைகள் திறந்துகொள்ளும், காற்று உள்ளே பாயும். மேலே தலையில் நான்கு வால்வுகள், நான்குமே புகை வெளியேறுவதற்கு மட்டும். ஆக, காற்று கீழிருந்து நுழைந்து பழைய புகையை மேலே தள்ளிக்கொண்டே ஏறுகிறது. ஒரே திசையில் ஓட்டம். புதுக்காற்றும் பழம்புகையும் கலப்பது மிகக் குறைவு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றை இழுப்பதற்கென்று தனி ஸ்ட்ரோக் இல்லாததால், யாராவது வெளியிலிருந்து காற்றை அழுத்தி உள்ளே தள்ளியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. காற்றை அழுத்தித் தள்ளும் டர்போசார்ஜரை நம்பலாம் என்றால், அது சுற்றுவதே எஞ்சின் கக்கும் சூடான புகையின் வேகத்தில். எஞ்சின் ஓடாமல் புகை இல்லை, டர்போ சுற்றாமல் எஞ்சின் ஓடாது. இஎம்டி பொறியாளர்கள் கண்ட வழி, டர்போவையே பல்சக்கரங்கள் வழியாக எஞ்சினோடு இணைத்துவிடுவது. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் டர்போ பதினேழு, பதினெட்டு சுற்று சுற்றும். குறைந்த நாட்ச்களில் எஞ்சினே தன் டர்போவைச் சுழற்றி, தனக்கு வேண்டிய காற்றைத் தானே தள்ளிக்கொள்கிறது. உயர் நாட்ச்களில் புகைக்குப் போதுமான பலம் வந்ததும் டர்போ பல்சக்கரத்தின் வேகத்தை முந்தும். அந்த நேரத்தில் நடுவில் இருக்கும் கிளட்ச் தானாக விட்டுவிடும். அதற்கு மேல் டர்போ தன்பாட்டுக்கு ஓடும்.

இப்போது ஆல்கோவின் கரும்புகைக்கு வருவோம். அதன் டர்போவுக்குப் பல்சக்கர உதவி கிடையாது, புகையின் பலம் மட்டும்தான். லோகோ பைலட் சட்டென்று நாட்ச் ஏற்றினால், எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி உடனே எரிபொருளைக் கூட்டிவிடும். டீசல் ஒரு நொடியில் உள்ளே போய்விடும். ஆனால் கனமான டர்போ வேகமெடுக்கச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் சிலிண்டருக்குள் டீசல் அதிகம், காற்று குறைவு. எரியாத கரி வெளியே வருகிறது. டர்போ வேகமெடுத்ததும் புகை மெலிந்து தெளிந்துவிடும். ரசிகர்கள் படம்பிடிக்கத் துடிப்பது, உண்மையில் காற்றுக்காக எஞ்சின் காத்திருக்கும் அந்த ஐந்தாறு நொடியைத்தான். எரிபொருள் வீணாவதைப் பார்த்துக் கைதட்டுகிறோம் என்றும் சொல்லலாம். சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

சத்தத்துக்கும் இதே கணக்குதான். ஆல்கோ முழு நாட்சில் நிமிடத்துக்கு 1,000 சுற்று. 16 சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பதால் நொடிக்கு சுமார் 133 வெடிப்பு. இஎம்டி சுமார் 900 சுற்றுதான், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிப்பதால் நொடிக்கு 240. ஒன்று உறுமலாகவும் மற்றது இடைவெளியில்லாத ரீங்காரமாகவும் கேட்பதில் இந்த எண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதோடு பல்சக்கரம் பூட்டிய டர்போவின் கீச்சொலியும் சேர்ந்துகொள்ளும். கண்ணை மூடிக்கொண்டே எந்த லோகோ வருகிறது என்று சொல்லிவிடலாம்.

இஎம்டியின் இந்த இரண்டு ஸ்ட்ரோக் பரம்பரை பழையது. 567, 645, 710 என்று மூன்று தலைமுறை. எண்கள் ஒரு சிலிண்டரின் கொள்ளளவை கன அங்குலத்தில் குறிப்பவை. 1995 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வந்தது கடைக்குட்டி 710. மூத்தவரான 567-ஐ இலங்கைத் தமிழர்கள் அதற்கு நாற்பது வருடத்துக்கு முன்பே கேட்டிருப்பார்கள். கொழும்புத் திட்டம் என்ற சர்வதேச உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா கொடுத்த எம்-2 ரக லோகோக்களில் இருப்பது அதுதான். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயரைத் தாங்கி அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியவை அவை. அவற்றில் டர்போ இல்லை. எஞ்சினே சுழற்றும் ஊதி ஒன்று காற்றைத் தள்ளும்.

சரி, எஞ்சின் 4,000 குதிரைத்திறன் கொடுக்கிறது. அது சக்கரத்துக்குப் போக வேண்டும். டீசல் லோகோவில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. எஞ்சின் ஒரு மின்னாக்கியைச் சுழற்றுகிறது, அந்த மின்சாரம் அச்சுகளில் இருக்கும் மோட்டார்களுக்குப் போகிறது. அவ்வளவுதான். கிட்டத்தட்ட இது சொந்தமாக மின்நிலையம் சுமந்து போகும் மின்சார லோகோ. ஆல்கோக்களில் இருந்தவை டிசி மோட்டார்கள். அவற்றில் கார்பன் பிரஷ் உண்டு, தேயும். மெதுவாக ஏறும்போது மின்னோட்டம் எகிறி மோட்டார் சூடாகும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அப்படி ஓட்டினால் கருகிவிடும். டபிள்யூடிஜி-4 இங்கேதான் ஆல்கோவை உண்மையிலேயே தாண்டிப் போனது. அதில் பிரஷ்ஷே இல்லாத மூன்று பேஸ் இண்டக்‌ஷன் மோட்டார்கள். மின்னாக்கியிலிருந்து வருவதை டிசியாக மாற்றி, இன்வெர்ட்டர் அதை வேண்டிய அதிர்வெண்ணில் மறுபடி ஏசியாக்கித் தருகிறது. வண்டி கிளம்பும்போது அடியிலிருந்து ஒரு ராகம் மாதிரி படிப்படியாக ஏறும் ஒலி கேட்கும். இன்வெர்ட்டர் தன் சுவிட்ச் வேகத்தை மாற்றிக்கொண்டு போகும் சத்தம் அது.

இதனால் என்ன லாபம்? டபிள்யூடிஎம்-2 எடை 112.8 டன், நின்ற இடத்திலிருந்து இழுக்கும் விசை சுமார் 30 டன். அதாவது தன் எடையில் 27 சதவீதம். டபிள்யூடிஜி-4 எடை 126 டன், இழுவிசை 540 கிலோநியூட்டன், ஏறக்குறைய 55 டன். 43 சதவீதத்துக்கும் மேல். தண்டவாளமும் இரும்பு, சக்கரமும் இரும்பு. இரண்டுக்கும் இடையே பிடிமானம் அவ்வளவு கிடைப்பது லேசான காரியம் இல்லை. டிசி மோட்டார் பூட்டிய சக்கரம் வழுக்கத் தொடங்கினால் சுழன்றுகொண்டே போகும். இண்டக்‌ஷன் மோட்டாரில் சக்கரம் கொஞ்சம் வேகமெடுத்தாலே அதன் முறுக்குவிசை சடாரென்று விழுந்துவிடும். தானாகவே அடங்கும். அதற்கு மேல் ஒரு நுட்பம் இருக்கிறது. சக்கரம் துளியும் வழுக்காமல் உருண்டால் பிடிமானம் உச்சத்தில் இருக்காது. வண்டியின் வேகத்தைவிடச் சக்கரம் ஒரு நூலிழை வேகமாகச் சுற்றும்போதுதான் உச்சம் கிடைக்கும். லோகோவின் அடியில் இருக்கும் ரேடார் தரையைப் பார்த்து உண்மையான வேகத்தை அளந்து சொல்ல, கணினி அந்த நூலிழையில் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ரசிகர்கள் போகும் இடம் பிரகன்சா காட். கர்நாடகத்தின் காசில் ராக்கிலிருந்து கோவாவின் குலேம் வரை, தூத்சாகர் அருவியை ஒட்டி இறங்கும் பாதை. சரிவு 37-க்கு 1, அதாவது 37 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4,000 டன் கூட்ஸ் வண்டி என்று வைத்துக்கொண்டால், அதை அந்தச் சரிவில் ஏற்றப் புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே 108 டன் விசை வேண்டும். இரண்டு டபிள்யூடிஜி-4 தங்கள் முழு பலத்தையும் கொடுத்தால் 110. லோகோக்களின் சொந்த எடை, வளைவுகளின் உராய்வு எல்லாம் சேர்ந்தால் இரண்டு போதாது. அதனால்தான் முன்னால் இரண்டு மூன்று, பின்னால் தள்ள இரண்டு மூன்று என்று கட்டுகிறார்கள். எல்லாவற்றையும் முன்னாலேயே கட்டலாமே என்றால், முதல் பெட்டியின் கப்ளிங் (இணைப்புக் கொக்கி) மொத்த இழுவையையும் தாங்க வேண்டி வரும். அறுந்தால் வண்டி இரண்டாகப் பிரிந்துவிடும்.

இறங்கும்போது வேறு ஆட்டம். மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறி, சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கி, லோகோவில் இருக்கும் மின்தடைப் பட்டைகளில் வெப்பமாக எரித்துவிடும். டைனமிக் பிரேக் என்பது இதுதான். பட்டைகளைக் குளிரவைக்கும் விசிறிகளின் ஊளை, மலை வளைவில் வண்டி தெரிவதற்கு வெகு முன்பே வந்து சேரும். பிரேக் கட்டைகளை மட்டும் நம்பி இறக்கினால் சக்கரமும் கட்டையும் பழுக்கக் காய்ந்துவிடும்.

இழுவிசை ஒன்று, குதிரைத்திறன் இன்னொன்று என்பதையும் சொல்ல வேண்டும். ரசிகர்களே பல நேரம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சக்கரத்துக்கு வந்து சேருவது 2,500 கிலோவாட் என்று கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் அது 51 டன் விசை. 90 கிலோமீட்டரில் அதே திறன் 10 டன் விசைதான் தரும். ஆகவே கனத்தைக் கிளப்ப எடையும் பிடிமானமும் வேண்டும், வேகத்தைத் தாங்கக் குதிரைத்திறன் வேண்டும். டபிள்யூடிபி-4 இந்த இடத்தில் அடி வாங்கியது. அதன் ஆறு அச்சுகளில் நான்கில் மட்டுமே மோட்டார். மீதி இரண்டு சும்மா உருளும், ஆனால் எடையில் பங்கு எடுத்துக்கொள்ளும். நீண்ட எக்ஸ்பிரஸ் வண்டியைக் கிளப்பும்போது வழுக்கல் தொல்லை. பின்னால் வந்த டபிள்யூடிபி-4பி-யில் ஆறு அச்சுக்கும் மோட்டார் வைத்து, திறனையும் 4,500 ஆக்கினார்கள். எஞ்சினை மூடியிருக்கும் நீண்ட பகுதியான ஹூட் முன்னால் வரும்படி ஓடும்போது லோகோ பைலட்டுக்குப் பாதை சரியாகத் தெரியாது என்ற குறை அப்போதும் இருந்தது. இரண்டு பக்கமும் கேப் (ஓட்டுநர் அறை) வைத்த டபிள்யூடிபி-4டி அதையும் தீர்த்தது. முகத்தோற்றத்தில் எனக்கு என்னவோ ஒரு கேப் வைத்த பழையதுதான் கம்பீரம். ஓட்டுகிறவரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. பீகாரின் மர்ஹவுராவில் கட்டப்படும் ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) வழி லோகோக்கள். 2015 ஒப்பந்தப்படி 1,000 லோகோ, 4,500, 6,000 குதிரைத்திறன் என்று இரண்டு ரகம். 4,500 ரகத்தில் 12 சிலிண்டர்தான், அதுவும் நான்கு ஸ்ட்ரோக். ஆல்கோ மாதிரி புகை வராதா? வராது. கணினி காற்றின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே டீசலை அளந்து விடுகிறது. காற்று வரும்வரை எரிபொருளை நிறுத்தி வைக்கிறது. ஆல்கோவுக்குத் தெரியாத பொறுமை. அமெரிக்காவிலும் 2015-இல் வந்த கடுமையான புகைக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு, இஎம்டியே தன் புதிய சரக்கு லோகோவுக்கு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மாறிக்கொண்டது. இரண்டு ஸ்ட்ரோக் கட்சிக்காரர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இந்தியாவில் அகலப் பாதை கிட்டத்தட்ட முழுக்க மின்மயமாகிவிட்டது. வாரணாசித் தொழிற்சாலையின் பெயரிலிருந்தே 2020-இல் டீசல் போய்விட்டது. இப்போது அது பனாரஸ் லோகோ தொழிற்சாலை. அதே ஆண்டு 10 ஆல்கோ வழி லோகோக்களை இந்தியா வங்கதேசத்துக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் ஆல்கோ கேட்க நினைப்பவர்களுக்கு என் யோசனை நீலகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி. குன்னூரில் லோகோ மாற்றி, ஊட்டி வரை ஒய்டிஎம்-4 டீசல். ஆல்கோவின் அதே எஞ்சின் குடும்பம் (251 வரிசை), ஆறு சிலிண்டர். நீராவியைப் படம்பிடித்த கையோடு பெரும்பாலோர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். நீங்கள் பிளாட்பாரத்திலேயே நின்று, டீசல் கிளம்பும்போது முதல் இரண்டு நாட்சில் புகை எப்போது தடித்து எப்போது தெளிகிறது என்று பாருங்கள். டர்போ வேகமெடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்திலேயே எண்ணிவிடலாம்.