'எல்எஸ்' ஓடவில்லை, 'சிடி' மட்டும் எப்படி ஓடுகிறது?

பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "லினக்ஸ் டெர்மினலில் எல்எஸ், கேட், நானோ என்று எதை அடித்தாலும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றே வருகிறது. சிடி மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. வைரஸா? ஃபார்மட் அடித்துவிடட்டுமா?"

வேண்டாம். ஃபைல் பெயர்களைக் காட்டும் எல்எஸ் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. தேடிப் போகிறவருக்கு முகவரி தொலைந்துவிட்டது, அவ்வளவுதான்.

நாம் அடிக்கும் வரியை வாங்கிப் படிப்பது ஷெல். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது பேஷ். எல்எஸ் அதற்குள் இல்லை. '/யுஎஸ்ஆர்/பின்' என்ற ஃபோல்டரில் தனி ஃபைலாகக் கிடக்கிறது. எந்தெந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்ற பட்டியல் 'பாத்' என்ற மாறியில், நடுநடுவே முக்காற்புள்ளி வைத்து எழுதப்பட்டிருக்கும். ஷெல் இடமிருந்து வலமாகத் தேடும். முதலில் அகப்படுவதை ஓட்டும். பட்டியல் தீர்ந்தும் கிடைக்காவிட்டால் கைவிரித்துவிடும்.

சரி, பட்டியல் எப்படித் தொலையும்? புதிய மென்பொருள் ஒன்றுக்காக, பேஷ் தொடங்கும்போது படிக்கும் 'பேஷ்ஆர்சி' ஃபைலில் பாத் வரியைச் சேர்க்கும்போது, கடைசியில் ':$பாத்' போட மறந்தால் போதும். பழைய பட்டியலோடு சேர வேண்டியது, அதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் ஃபோல்டர் மாற்றும் சிடி ஏன் ஓடுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஷெல் ஒரு நிரலை ஓட்டும்போது முதலில் தன்னையே நகலெடுத்து ஒரு பிள்ளையை உண்டாக்குகிறது. இதன் பெயர் ஃபோர்க். அந்தப் பிள்ளைதான் எல்எஸ்ஸாக மாறி, வேலையை முடித்துவிட்டு மறைகிறது. பெல் ஆய்வகத்தில் பி.டி.பி-7 கணினியில் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் உருவான காலத்தில் ஃபோர்க்கைச் சேர்த்ததும், அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஃபோல்டர் மாற்றும் கட்டளை திடீரென்று வேலை செய்யவில்லை. நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி எழுதியிருக்கிறார். கடைசியில்தான் புரிந்தது: கட்டளை சரியாகவே ஓடியது! பிள்ளை ஒழுங்காக ஃபோல்டர் மாறியது, உடனே மறைந்தது. பெற்ற ஷெல் நின்ற இடத்திலேயே நின்றது. ஆகவே அந்தக் கட்டளையை ஷெல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இன்றைய சிடியும் அப்படியே. உள்ளே இருப்பதைத் தேடப் பட்டியல் எதற்கு?

விண்டோஸ் காட்டும் பிழைச் செய்தியில் 'இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட்' என்று வருவதும் இதே பாகுபாடுதான். நம் ஆய்வகங்களில் கட்டளைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அந்த நேரத்தில் பாதியை இந்த ஒரு கதைக்குக் கொடுத்தால், எது நின்றாலும் ஃபார்மட் அடிக்கும் பழக்கம் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி பழுது பார்க்கலாம். கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோவும் ஷெல்லுக்குள் இருப்பதுதான். 'எக்கோ $பாத்' அடித்தால் கெட்டுப்போன பட்டியல் தெரியும். கட்டளைகள் ஆங்கிலச் சிறிய எழுத்தில், பாத் மட்டும் பெரிய எழுத்தில். 'எக்கோ *' அடித்துப் பாருங்கள், எல்எஸ் இல்லாமலே ஃபைல் பெயர்கள் வரிசையாக வரும். நட்சத்திரத்தைப் பெயர்களாக விரிப்பது ஷெல்லே. முழு முகவரியோடு '/யுஎஸ்ஆர்/பின்/எல்எஸ்' என்று அடித்தாலும் ஓடும்.

அப்புறம் 'பாத்=/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யுஎஸ்ஆர்/பின்:/பின்' என்று இடைவெளி இல்லாமல் அடியுங்கள். எல்லாம் திரும்பிவிடும், ஆனால் அந்த ஒரு டெர்மினலில் மட்டும். ஒவ்வொரு ஷெல்லும் தனக்கென ஒரு பிரதியை வைத்திருப்பதால் பக்கத்து டெர்மினலுக்கு இது தெரியாது. அதனால் அந்த டெர்மினலை மூடுவதற்கு முன்பே, ஃபைல்களைத் திருத்த உதவும் நானோவில் பேஷ்ஆர்சியைத் திறந்து, அங்குள்ள பாத் வரியின் கடைசியில் விட்டுப்போன ':$பாத்' சேர்த்துச் சேமித்துவிடுங்கள்.