ஒராள் லீவு போட்டா வோல்ட்டை எப்படித் திறக்கிறது?

கொழும்பு கோட்டையில பாங்க் ஒண்டில வேலை செய்ற வாசகி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, "ஸ்ட்ரோங் ரூமுக்கு ரெண்டு பேர்ட சாவி வேணும், ஒராள் லீவு போட்டா ரெண்டையும் மற்றவர்ட கையில குடுத்தா என்ன பிழை?" எண்டு. பிழைதான், ஒரே கையில ரெண்டு சாவியும் வந்த நிமிஷமே அங்க கூட்டுப் பொறுப்பு முடிஞ்சுது.

நியூயோர்க் பெடரல் ரிசர்வ் பாங்க்ல பல நாட்டு மத்திய வங்கிகள்ட தங்கம் நிலத்துக்குக் கீழ 80 அடி ஆழத்தில கிடக்கு. அங்க 122 அறை, ஒவ்வொண்டுக்கும் ஒரு பூட்டு, ரெண்டு கொம்பினேஷன் லொக், மேல கணக்காய்வுப் பிரிவுட முத்திரை. திறக்க மூணு பேர் சேர்ந்து நிக்கணும், உள்ள பல்பு மாத்திறதுக்கும் அதே மூணு பேர்தான். ஆனா அதே பாங்க்ல இருந்த பங்களாதேஷ் மத்திய வங்கிட கணக்கிலேருந்து 2016 பெப்ரவரியில 10 கோடி டொலருக்கு மேல போனது, திருடின லொகினால அனுப்பின ஸ்விஃப்ட் (பாங்குகள் காசு மாத்தச் சொல்லி ஒண்டுக்கொண்டு அனுப்புற வலையமைப்பு) மெசேஜால. அதில 2 கோடி எங்கட இலங்கைக்கே வந்து பிறகு திரும்பிப் போச்சு. அதனால இரும்புச் சாவியை மட்டுமில்ல, ரகசிய எண்ணையும் பங்கு போட்டுத்தான் வைக்கணும்.

எப்படிப் பங்கு போடுறது? ஆறு இலக்க நம்பரை மூணு மூணா வெட்டிக் குடுக்கலாம் எண்டு தோணும், ஆனா பாதி தெரிஞ்ச ஆளுக்கு 10 லட்சம் தடவைக்குப் பதிலா 1,000 தடவை முயற்சி செஞ்சாலே போதும். போதாததுக்கு ஒராள் நோயில விழுந்தா மற்றப் பாதியும் குப்பை.

இதுக்கு அடி ஷமீர் எண்ட இஸ்ரேல் கணினி விஞ்ஞானி 1979ல சொன்ன வழி எனக்கு எத்தனை தடவை போட்டுப் பாத்தாலும் அலுக்காது. ஓஎல்ல படிச்ச நேர்கோடுதான். ரகசியம் 7 எண்டு வைங்க. y அச்சை 7ல வெட்டுற மாதிரி ஒரு கோடு கீறுங்க, சரிவு உங்கட இஷ்டம், நான் 3 எடுக்கிறன். x 1 ஆகேக்க y 10, 2 ஆகேக்க 13, 3 ஆகேக்க 16. மூணு அதிகாரிக்கு ஆளுக்கொரு புள்ளி. முதலாமவரும் மூணாமவரும் வந்தா 16லேருந்து 10 போக 6, அதை 2ஆல பிரிச்சா சரிவு 3, 10லேருந்து 3 போனா 7, வந்திட்டுது! எந்த ரெண்டு பேர் வந்தாலும் அதே 7தான். ஆனா ஒராள் மட்டும் தன்ட புள்ளியை வச்சுக்கொண்டு ராத்திரி முழுக்க யோசிச்சாலும் ஒண்டும் வராது, ஏனெண்டா ஒரு புள்ளிக்குள்ளால எத்தனையோ கோடு போகும், ஒவ்வொண்டும் அச்சை வேற வேற இடத்தில வெட்டும். பாதி தெரிஞ்சா பாதி லாபம் எண்ட கதையே இதில இல்ல. மூணு பேர் கட்டாயம் எண்டா கோட்டுக்குப் பதிலா பரவளைவு. நிஜத்தில ஒரு பகா எண்ணால வகுத்து வாற மீதியை வச்சுத்தான் கணக்குப் பாப்பாங்க, அப்பத்தான் புள்ளிட அளவைப் பாத்துக்கூட ஊகிக்க ஏலாது.

இதுட அடியில இருக்கிறது 18ஆம் நூற்றாண்டில லாக்ராஞ்ச் எண்ட கணித மேதை எழுதின, புள்ளிகளை வச்சுக் கோட்டைக் கண்டுபிடிக்கிற கணக்கு, அந்த நேரம் கொம்பியூட்டரே இல்ல. எங்கட பல்கலைக்கழகங்கள்ல கணித ஆராய்ச்சிக்குக் காசு கேட்டா உடனே "பிரயோசனம் என்ன?" எண்டு கேட்கிறது எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு.

வாசகிட ஸ்ட்ரோங் ரூமுக்கு வாறன். அங்க நம்பர் லொக் இருந்தா, அவசரத்துக்கு வைக்கிற நம்பரை இப்படி மூணு பேருக்குப் பிரிச்சுக் குடுக்கலாம், ஒராள் லீவெண்டாலும் யாரும் யாருக்கும் எதையும் ஒப்படைக்கத் தேவையில்ல. ஒண்டு மட்டும் கவனம், ரெண்டு பேர் சேர்ந்து கண்டுபிடிச்ச பிறகு முழு நம்பரும் அந்த ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோகும், அதனால அண்டைக்கே லொக் நம்பரை மாத்திப் புதுக் கோடு கீறிடணும்.