பேதி என்று வந்த மலச்சிக்கல்

"பேதி நிக்கவே மாட்டேங்குது டாக்டர், ஸ்கூல்ல டிரவுசர்லயே போயிடறான்" என்றுதான் அந்த அம்மா எட்டு வயதுப் பையனைக் கூட்டி வந்தார். அன்றைக்குக் கூட்டம். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமலே பேதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது. பத்து நாளில் திரும்பி வந்தார்கள். படுக்கவைத்து அழுத்தினால், தொப்புளுக்குக் கீழே இடது பக்கம் கல் மாதிரி மலம். தொடையில் பட்டையாக இரண்டு தழும்புகள்.

அது பேதியே இல்லை, முற்றிய மலச்சிக்கல். ஒருமுறை வலித்தால் குழந்தை அடக்கப் பார்க்கும். அடக்க அடக்கப் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மலம் இறுகும். மலக்குடல் விரிந்து, 'வருது' என்கிற உணர்வே மங்கிப்போகும். அப்புறம் மேலே இருக்கும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசியும். கசிவது பையனுக்கே தெரியாது. அதற்குத்தான் பெல்ட் அடி. அடிக்குப் பயந்து இன்னும் அடக்கியிருக்கிறான்.

'வயித்துல புளியக் கரைக்குது' என்று சும்மா சொல்வதில்லை. மூளைக்கும் குடலுக்கும் நடுவே வேகஸ் நரம்பு ஓயாமல் சேதி கொண்டுபோகிறது. நரம்புகள் சேதி கடத்த உதவும் ரசாயனமான செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. தினமும் பயந்து வாழும் குழந்தைக்குச் சாதாரண வாயுகூட வலியாகத் தெரியலாம். ஸ்கேன் நார்மலாக இருப்பதால் நடிக்கிறான் என்று ஆகிவிடாது. பூச்சி மாத்திரை, தொக்கம் எடுப்பது எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு மலச்சிக்கல் உள்ள வீட்டையெல்லாம் சந்தேகப்பட வேண்டாம். பெரும்பாலும் காரணம் வேறு. பள்ளிக் கழிப்பறையின் நாற்றமே போதும். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆள் வரும் நாளில், குறிப்பிட்ட இடத்துக்குப் போகும் நாளில் மட்டும் வயிறு வலித்தால், தனியாக, அவசரப்படாமல் கேளுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்ற சந்தேகம் வந்தாலே போலீஸில் சொல்லியாக வேண்டும் என்கிறது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். டாக்டருக்கும் விலக்கில்லை. எந்த வகைக் கொடுமையானாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யாரும் அழைக்கலாம்.

பையனுக்கு முதலில் குடலைச் சுத்தம் செய்து, பிறகு மாதக்கணக்கில் மலமிளக்கி. சாப்பிட்டதும் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்கார வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும். அப்பாவை வரச்சொல்லிப் படம் வரைந்து காட்டினேன். "வேணும்னே பண்றான்னு நினைச்சேன்" என்றார், என்னைப் பார்க்காமல். அவர்களை ஆலோசகரிடமும் அனுப்பினேன்.

நான்காம் மாதம் கேட்டேன், "இப்பவும் ஆட்டுப் புழுக்கை மாதிரிதானா?"

"இல்ல டாக்டர், வாழைப்பழம்."