திருக்கை குத்தினால் வெந்நீர்தான், ஐஸ் அல்ல

கரீபியன் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவுக்கு எதிரே எங்கள் கப்பல் நங்கூரமிட்டிருந்த ஒரு பிற்பகலில், 58 வயதுத் தமிழர் ஒருவரை அவருடைய மகளும் மருமகனும் சக்கர நாற்காலியில் வைத்து மருத்துவ அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவர். வந்த இடத்தில் குடும்பத்தோடு கப்பல் பயணம், அன்று காலை திருக்கை மீன்களோடு நீந்தும் சுற்றுலா. வலது கணுக்காலின் உட்புறம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத சிறிய கிழிசல். அதைச் சுற்றித் தோல் வெளிறி, ஓரங்களில் நீலம் பாரித்திருந்தது. புண்ணைப் பார்த்தவர்கள் ஒரு பிளாஸ்திரி போதும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியபடி, தொடை வரைக்கும் வலி ஏறுகிறது என்றார். கால்மீது ஒரு ஐஸ் பை இருந்தது. "படகிலேயே ஐஸ் வெச்சிட்டோம் டாக்டர், நாற்பது நிமிஷம் ஆச்சு, குறையவே மாட்டேங்குது" என்றார் மகள்.

நான் முதலில் செய்த வேலை அந்த ஐஸ் பையை எடுத்ததுதான்.

கிராண்ட் கேமனின் வடக்கில், பவளத்திட்டு அரணுக்கு உட்புறமாக, இடுப்பளவு ஆழமே உள்ள ஒரு மணல்திட்டு இருக்கிறது. மீனவர்கள் அமைதியான அந்த நீரில் படகை நிறுத்தி மீனையும் சங்குச் சதையையும் சுத்தம் செய்து கழிவை வீசிவந்ததால், அதைத் தின்னத் திருக்கைகள் கூடிப் பழகின என்பது அந்தத் தீவின் வரலாறு. 1980களில் முக்குளிப்பவர்கள் அவற்றுக்குக் கையாலேயே உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு இடமே உலகப் புகழ் பெற்றுவிட்டது. இன்று படகின் இயந்திரச் சத்தம் கேட்டாலே அவை வந்து சூழ்ந்துகொள்கின்றன. பெண் திருக்கை ஒன்றரை மீட்டர் அகலம் வரை வளரும். ஆண் அதில் ஏறக்குறைய பாதிதான். பஞ்சுபோன்ற அந்த உடல் காலில் உரசிக்கொண்டு போகும்போது குழந்தைகளின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை நானே பார்த்திருக்கிறேன். போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அவை பழகிய விலங்குகளே தவிர வளர்ப்பு விலங்குகள் அல்ல, வாலில் உள்ள முள் அப்படியேதான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி அனுப்புகிறேன். சில தீவுகளில் அடைப்புக்குள் வைத்திருக்கும் திருக்கைகளுக்கு முள்ளை வெட்டிவிடுவதுண்டு. இங்கே அப்படி இல்லை. வெட்டினாலும் அது மறுபடி வளரும்.

திருக்கை யாரையும் தேடி வந்து குத்துவதில்லை. மணலில் படுத்திருக்கும் அதன் முதுகில் மனிதர் கால் வைத்து அழுத்தும்போது, வாலைச் சாட்டைபோல் மேலே வளைத்து அடிக்கிறது. அதனால்தான் பெரும்பாலான காயங்கள் பாதத்திலும் கணுக்காலிலும் காணப்படுகின்றன. மேற்சொன்னவருக்கும் அதுதான் நடந்தது. எல்லோரும் படத்துக்குள் வர வேண்டும் என்பதற்காக, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டடி பின்னால் நடந்திருக்கிறார். அந்த நீரில் பின்னால் நடக்கவே கூடாது. காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், பாதத்தை மணலோடு தேய்த்து நகர்த்திக்கொண்டே போனால், அதிர்வை உணர்ந்து திருக்கை தானாகவே விலகிவிடும். வழிகாட்டிகள் படகில் இதைச் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில்தான் நம்மவர்கள் முகத்துக்குக் களிம்பு பூசுவதும், உயிர்காப்பு உடையின் பட்டியை மாட்டுவதுமாக இருப்பார்கள். ஆங்கிலம் சரளமாகப் புரியாத பெற்றோரை அழைத்துப் போகும் பிள்ளைகள், இந்த ஒரு குறிப்பையாவது தமிழில் சொல்லி, படகின் தளத்திலேயே ஒருமுறை நடந்து காட்டச் சொல்லுங்கள்.

அந்த முள்ளின் இரு ஓரங்களிலும் பின்னோக்கி வளைந்த பற்கள் வரிசையாக இருக்கும். உள்ளே போகும்போது எளிதாகப் போய், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள்ளை மூடியிருக்கும் மெல்லிய உறையிலும் அதன் அடிப்பள்ளங்களிலும் நஞ்சு சுரக்கும் திசு உண்டு. குத்தியவுடன் உறை கிழிந்து, நஞ்சும் சளியும் மணலும் சேர்ந்தே காயத்துக்குள் இறங்கிவிடுகின்றன. வலி உடனே தொடங்கி, முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். கவனிக்காமல் விட்டால் இரண்டு நாள் வரைகூட நீடிக்கலாம். இதற்கென்று மாற்று மருந்து ஊசி எதுவும் சந்தையில் இல்லை. ஆனால் இந்த நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டைத் தாங்காது. தாங்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில், அதாவது 43 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை உள்ள நீரில், காயம்பட்ட பகுதியை 30 முதல் 90 நிமிடம் வரை வைத்திருப்பதே முதலுதவி. ஐஸ் இந்த வலிக்குப் பயன்படுவதில்லை. அதை வைத்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் வெந்நீருக்கான நேரம்தான் வீணாகிறது.

ஒரு வாளியில் 44 டிகிரிக்கு நீரைக் கலந்து வைத்து, அவருடைய நல்ல காலையும் சேர்த்தே உள்ளே வைக்கச் சொன்னேன். வலியில் துடிக்கும் காலுக்குச் சூட்டின் அளவு சரியாகத் தெரியாது. நல்ல கால் தாங்கினால்தான் அது பாதுகாப்பான சூடு. இப்படிச் சோதிக்காமல் கொதிநீரை ஊற்றி, திருக்கைக் காயத்தோடு தீக்காயத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். நீர் ஆற ஆற வலி திரும்பியது, மாற்றிக்கொண்டே இருந்தோம். இருபது நிமிடம் கழித்து அவருடைய கை நாற்காலிப் பிடியிலிருந்து தானாகத் தளர்ந்தது. ஒரு மணி நேரத்தில் பேத்தியிடம் பேசத் தொடங்கிவிட்டார். பிறகு எக்ஸ்ரே எடுத்து, முள்ளின் துண்டு உள்ளே தங்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, காயத்தை நன்றாகக் கழுவி, தையல் போடாமல் திறந்தபடியே விட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டோம்.

தமிழ்நாட்டின் தென்கடலோர மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது திருக்கை முள் ஏறிய கையோடு மீனவர்கள் வருவார்கள். அவர்களில் சிலர் வீட்டிலேயே சுடுதண்ணீரில் கையை வைத்திருந்துவிட்டுத்தான் வந்தார்கள். கடலில் பிழைப்பவர்களுக்குத் தெரிந்திருந்த அந்தக் கைவைத்தியம், விடுமுறைக்குக் கடலில் இறங்குகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இவ்வளவும் கை, கால் காயங்களுக்குத்தான். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் குத்தியிருந்தால் நிலைமையே வேறு. தொலைக்காட்சியில் முதலைகளைப் பிடித்துக் காட்டிப் புகழ்பெற்ற ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் இறந்தது மார்பில் திருக்கை குத்தியதால்தான். அப்படிக் குத்திய முள் உடலில் நிற்குமானால் அதைப் பிடுங்கவே கூடாது. ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பது அந்த முள்ளாகவே இருக்கலாம். அசையாமல் தாங்கிப் பிடித்து, அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இத்தகைய காயம் மிக அரிது. நீரில் குப்புற மிதந்தபடி திருக்கையின் முதுகுக்கு நேர் மேலே நீந்துவதைத் தவிர்த்தால் இன்னும் அரிதாகும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கேமன் அரசின் விதிப்படி அந்த மணல்திட்டில் நான்கடிக்குக் குறைந்த ஆழத்தில் காலணி அணியக் கூடாது. திருக்கைகளின் உடல் கீறிவிடக் கூடாது என்பதே காரணம். அந்த விதி நியாயமானது. முள் காலணியையும் துளைக்கக்கூடியது என்பதால் அதை நம்புவதிலும் பொருளில்லை. ஆனால் பாதம் மரத்துப்போனவர்கள், வெறுங்காலில் மணலில் நடந்து வேறு சிறு கீறல் பட்டாலும் உணரமாட்டார்கள். வெந்நீரின் சூடும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் படகிலேயே உட்கார்ந்து பார்ப்பது நல்லது. அந்தத் தெளிந்த நீரில் மேலிருந்தே எல்லாம் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், அண்மையில் நெஞ்சுவலி வந்தவர்களும் முன்பதிவுக்கு முன்னரே தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

உணவு கொடுக்கும்போது கணவாய்த் துண்டைக் கட்டைவிரல் வெளியே நீட்டாதபடி மூடிய கைக்குள் பிடியுங்கள்; திருக்கையின் வாய் அடிப்புறத்தில் இருக்கிறது, உறிஞ்சி இழுக்கும்போது எது விரல், எது இரை என்று பார்க்காது. அதைத் தண்ணீருக்கு வெளியே தூக்கச் சொல்லி வழிகாட்டியை வற்புறுத்தாதீர்கள். அது அங்கே சட்டப்படி குற்றம், அதன் உடலைக் காக்கும் சளிப்படலமும் தேய்ந்துபோகும். முத்தமிட்டால் ஏழு ஆண்டு அதிர்ஷ்டம் என்று சொல்வார்கள். முத்தமிடும் அவசரத்தில் இருவர் மூவர் ஒரே திருக்கையை வளைத்துக்கொள்வதால் அது மிரளுகிறது. மிரண்ட திருக்கையின் அருகில்தான் அடுத்தவரின் கால் இருக்கும்.

அந்த நண்பர் மறுநாள் தாங்கித் தாங்கி நடந்து வந்து காயத்தைக் காட்டிவிட்டுப் போனார். கப்பலை விட்டு இறங்கும்போது மகளிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: அடுத்த இரண்டு வாரத்துக்குள் காயத்தைச் சுற்றிச் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடனே மருத்துவரிடம் போய், இது கடல்நீரில் பட்ட திருக்கைக் காயம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கடலில் வாழும் கிருமிகளுக்குக் கொடுக்க வேண்டிய மருந்து வேறு. சொல்லாவிட்டால் சாதாரணக் கால் புண் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.