ஆப்ரோஃபியூச்சரிசம்: பொருள், பிறப்பு, தமிழ்ச்சொல்

கறுப்பின எழுத்தாளர்களின் அறிவியல் புனைவைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே இப்போது 'ஆப்ரோஃபியூச்சரிசம்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. 2018இல் 'பிளாக் பாந்தர்' படம் வந்த பிறகு சினிமா பார்ப்பவர்களுக்கும் இது பழகிவிட்டது. ஆனால் 'கறுப்பர்கள் விண்கலத்தில் போகும் கதை' என்ற அளவிலேயே பலரும் இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அது போதாது. எதிர்காலத்தைப் பேசும் இந்தச் சொல்லின் அடியில் பறிக்கப்பட்ட ஓர் இறந்தகாலம் கிடக்கிறது. அதைக் கவனிக்காமல் தமிழில் ஒரு சொல்லைப் போட்டால் பொருளில் பாதி விழுந்துவிடும்.

சொல்லை உண்டாக்கியவர் மார்க் டெரி என்ற வெள்ளை அமெரிக்க விமர்சகர். 1993இல் ஓர் ஆய்விதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையில் இது முதலில் வருகிறது. நாவலாசிரியர் சாமுவேல் டிலேனி, இசை விமர்சகர் கிரெக் டேட், ஆய்வாளர் டிரிசியா ரோஸ் ஆகிய மூன்று கறுப்பினச் சிந்தனையாளர்களோடு டெரி நடத்திய உரையாடல்கள்தான் அந்தக் கட்டுரை. முன்னுரையில் அவர் ஒரு புதிரை எழுப்புகிறார். வேற்றுக்கிரகவாசிகள் வந்து மனிதர்களைப் பிடித்துக்கொண்டு போவது அறிவியல் புனைவில் பழகிப்போன கதை. அமெரிக்கக் கறுப்பர்களின் முன்னோருக்கோ அது நிஜமாகவே நடந்தது. முகம் தெரியாத ஆட்கள் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள், மொழி புரியாத மண்ணில் இறக்கிவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் வழிவந்தவர்களில் ஏன் இவ்வளவு குறைவான பேர் இந்த வகைக் கதைகளை எழுதுகிறார்கள்?

அதற்கடுத்து அவர் கேட்டது இன்னும் கனமான கேள்வி. ஒரு சமூகத்தின் கடந்தகாலத்தை வேண்டுமென்றே அழித்துவிட்டார்கள். அதன் சுவடுகளைத் தேடுவதிலேயே அந்தச் சமூகத்தின் சக்தியெல்லாம் செலவாகிவிட்டது. அப்படிப்பட்ட சமூகத்தால் எதிர்காலத்தைக் கற்பனை செய்ய முடியுமா?

'அழித்துவிட்டார்கள்' என்பது மிகையான சொல் இல்லை. 1850, 1860 ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனிப் படிவம் இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று வரிசையாக வரும். அடிமையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்கள் எல்லாரும் பெயரோடு பதிவானார்கள். இன்று தன் குடும்ப வரலாற்றைத் தேடும் ஒரு கறுப்பின அமெரிக்கர் 1870ஐத் தாண்டிப் பின்னால் போக முயன்றால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார். முப்பாட்டியின் பெயர்கூடக் கிடைக்காத ஒருவர் எதிர்காலத்தைப் பற்றி எழுதுவதும் மற்றவர்கள் எழுதுவதும் ஒன்றாக இருக்காது.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'ஆப்ரோ' என்பதன் வேர் 'ஆஃபர்' என்ற இலத்தீன் சொல். கார்த்தேஜ் நகரை ஒட்டிய வட ஆப்பிரிக்கப் பகுதியில் வாழ்ந்தவர்களை ரோமானியர்கள் இப்படி அழைத்தார்கள். அதிலிருந்து ஒரு ரோமானிய மாகாணத்தின் பெயர் வந்து, பிறகு அதுவே ஒரு கண்டம் முழுவதற்கும் பெயரானது. அமெரிக்காவில் 'ஆப்ரோ' என்ற முன்னொட்டு நிலப்பரப்பைவிட மக்களையே அதிகம் குறிக்கிறது, குறிப்பாக ஆப்பிரிக்காவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களை. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

'ஃபியூச்சர்' என்பதற்கு வேர் 'ஃபுதூருஸ்' என்ற இலத்தீன் வடிவம். 'இனி இருக்கப்போவது' என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'ஃபியூச்சரிசம்' என்ற பெயரில் ஏற்கெனவே ஓர் இத்தாலியக் கலை இயக்கம் உண்டு. 1909 பிப்ரவரியில் இத்தாலியக் கவிஞர் மாரினெட்டி ஒரு பாரிஸ் நாளிதழில் அதன் அறிக்கையை வெளியிட்டார். வேகம், எந்திரம், போர் மூன்றையும் புகழ்ந்த அந்த அறிக்கை, அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் அழிப்போம் என்று முழங்கியது. பழமை மூச்சை முட்டவைக்கும் அளவுக்குக் குவிந்துகிடந்தவர்களின் குரல் அது. கறுப்பின எழுத்தாளர்களுக்கு எரிப்பதற்கு அருங்காட்சியகம் எங்கே இருந்தது? பெயரில் உறவு இருந்தாலும் நோக்கத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

பெயர் 1993இல் வந்தாலும் எழுத்து அதற்கு வெகுகாலம் முந்தியது. 1920இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யு. இ. பி. டு பாய்ஸ் 'வால்நட்சத்திரம்' என்ற சிறுகதையை எழுதினார். நியூயார்க் வங்கி ஒன்றில் ஜிம் என்ற கறுப்பினக் கடைநிலை ஊழியரை நிலவறைக்குள் அனுப்புகிறார்கள். அவர் உள்ளே இருக்கும்போது வால்நட்சத்திரத்தின் நச்சுக்காற்றால் நகரமே செத்துவிடுகிறது. வெளியே வந்தவர் உயிரோடு காணும் ஒரே ஆள் ஜூலியா என்ற பணக்கார வெள்ளைப் பெண். உலகத்தில் இனி நாம் இருவர்தான் என்று எண்ணும் அந்தச் சில மணி நேரம் அவர்களுக்கிடையே நிறம் இல்லாமல் போகிறது. அப்புறம் வண்டிச் சத்தம் கேட்கிறது. அழிந்தது நியூயார்க் மட்டும்தான். பெண்ணின் தந்தை வந்து, அவளைக் காப்பாற்றியதற்காக ஜிம்மின் கையில் பணத்தைத் திணித்துவிட்டு, அதன் பிறகுதான் பெயரைக் கேட்கிறார். உலகம் அழிந்தாலொழிய இவர்கள் மனிதர்களாகச் சந்திக்க முடியாது என்பதைச் சொல்ல டு பாய்ஸுக்கு வால்நட்சத்திரம் தேவைப்பட்டது. இசையில் ஜாஸ் கலைஞர் சன் ரா இருந்தார். அலபாமாவில் பிறந்த அவர், நான் சனிக்கோளிலிருந்து வந்தவன் என்று கடைசிவரை சொன்னார்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு முழு உருவம் கொடுத்தவர் யார் என்று கேட்டால் நான் ஆக்டேவியா பட்லரைத்தான் சொல்வேன். 1947இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்தவர். அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தார். அந்த வீடுகளுக்குள் அம்மா பின்வாசல் வழியாகப் போவதைப் பார்த்து வளர்ந்த பெண். பட்லர் கல்லூரியில் படித்தபோது உடன்படித்த ஓர் இளைஞர், நம்மைப் பின்னுக்கு இழுத்துவிட்டார்கள் என்று மூத்த தலைமுறைமீது கொதித்தாராம். அந்த மூத்தவர்கள் எதைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லையே என்ற ஆதங்கத்திலிருந்து பிறந்தது 1979இல் வந்த 'கிண்ட்ரெட்' நாவல்.

அதன் நாயகி டானா 1976ஆம் ஆண்டில் வாழும் 26 வயதுக் கறுப்பின எழுத்தாளர். புது வீட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தலை சுற்றுகிறது. கண் திறந்தால் அடிமை முறை நடைமுறையில் இருக்கும் மேரிலாந்தில் ஓர் ஆற்றங்கரை. தண்ணீரில் ஒரு வெள்ளைச் சிறுவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். காப்பாற்றுகிறார். ரூஃபஸ் என்ற அந்தச் சிறுவன் பண்ணை உடைமையாளரின் மகன், டானாவின் கொள்ளுப்பாட்டன்மாரில் ஒருவன். அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் டானா இழுக்கப்படுகிறார். அவன் பிழைத்து, ஆலிஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடம் ஒரு குழந்தையைப் பெற்றால்தான் டானாவின் வம்சம் உண்டாகும். ஆலிஸுக்கு அதில் விருப்பம் இல்லை. தான் பிறப்பதற்காக இன்னொரு பெண்ணுக்கு நடக்கும் கொடுமைக்கு டானா துணைபோக வேண்டிய நிலை. கடைசிப் பயணத்திலிருந்து திரும்பும்போது, ரூஃபஸ் பிடித்திருந்த அவருடைய இடது கை வீட்டுச் சுவருக்குள் சிக்கித் துண்டாகிவிடுகிறது. அடிமை முறை யாரையும் முழுசாக விட்டுவைக்கவில்லை, அதனால் டானாவையும் முழுசாகத் திரும்பிவர விட முடியவில்லை என்று பட்லர் பின்னால் விளக்கினார்.

இதில் கால எந்திரம் எதுவும் கிடையாது. எப்படிப் போனார் என்பதற்கு அறிவியல் விளக்கமும் கிடையாது. எதிர்காலமே இல்லாத இந்த நாவலை ஏன் இந்தச் சொல்லின் கீழ் வைக்கிறார்கள் என்று கேட்கலாம். டெரி கேட்ட அந்தக் கனமான கேள்விக்கு, அவர் கேட்பதற்கு முன்பே பட்லர் கொடுத்த பதில் இது. அழிக்கப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போய், கை போனாலும் பார்த்துவிட்டு வந்தால்தான் அடுத்த நாள் என்று ஒன்று இருக்கும். அதே பட்லர் 1993இல், 2024இல் தொடங்கும் ஒரு கலிஃபோர்னியாவை எழுதினார். தீயும் தண்ணீர்ப் பஞ்சமும் நிறைந்த அந்த ஊரில் லாரன் என்ற பதின்வயதுப் பெண் புதுச் சமூகம் ஒன்றை உருவாக்கக் கிளம்புகிறாள். படைப்பாளிகளுக்கும் அறிஞர்களுக்கும் அமெரிக்காவில் தரப்படும் மெக்ஆர்தர் நல்கையை அறிவியல் புனைவு எழுத்தாளர்களில் முதலில் பெற்றவர் பட்லர்தான், 1995இல்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிலேனி 1960களில் தன் நாவல் ஒன்றைத் தொடராக வெளியிட அனுப்பியபோது, கறுப்பினக் கதாநாயகனோடு எங்கள் வாசகர்கள் ஒன்ற மாட்டார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் மறுத்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். அங்கிருந்து 2016க்கு வந்தால், என். கே. ஜெமிசின் அறிவியல் புனைவு, மிகைப்புனைவு எழுத்துக்குத் தரப்படும் ஹியூகோ விருதைச் சிறந்த நாவலுக்காகப் பெறும் முதல் கறுப்பின எழுத்தாளர் ஆகிறார். 2017, 2018இலும் அவருக்கே. அந்த மூன்று நாவல்களிலும் பூமியின் நடுக்கத்தை அடக்கும் ஆற்றல் உள்ளவர்களை, அந்த ஆற்றலுக்காகவே வசைச்சொல்லால் அழைத்து, விலங்குபோல் பழக்கி வேலை வாங்குகிறார்கள். ரிவர்ஸ் சாலமனின் 'தி டீப்' (2019) அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிகளின் குழந்தைகள் நீருக்கடியில் ஓர் இனமாக வாழ்வதாகக் கற்பனை செய்கிறது.

இனி, சொல்லுக்கு எழுந்த எதிர்ப்பு. நெடி ஒகோராஃபோர் அமெரிக்காவில் நைஜீரிய இக்போ பெற்றோருக்குப் பிறந்தவர். ஹியூகோ, நெபுலா இரண்டும் பெற்ற அவருடைய 'பிந்தி' குறுநாவலின் நாயகி நமீபியாவின் ஹிம்பா இனத்துப் பெண். அவள் செம்மண்ணும் நறுமண எண்ணெயும் குழைத்த ஒட்ஜிசேயை உடம்பிலும் கூந்தலிலும் பூசிக்கொண்டே வேறொரு கோளில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். சொந்த மண்ணைச் சிறு சாடியில் கையோடு எடுத்துப்போகிறாள். தன் எழுத்தை ஆப்ரோஃபியூச்சரிசம் என்று அழைக்காதீர்கள் என்றார் ஒகோராஃபோர். அந்தச் சொல்லின் நடுமையம் அமெரிக்கா. தன் எழுத்தின் வேர் ஆப்பிரிக்கா. ஆகவே 'ஆப்ரிகன்ஃபியூச்சரிசம்' என்று வேறொரு சொல்லை, இடைவெளி விடாத ஒரே சொல்லாக முன்வைத்து, 2019இல் அதை வரையறுத்தும் எழுதினார். அவர் காட்டிய உதாரணம் பளிச்சென்று புரியும்: 'பிளாக் பாந்தர்' படத்தில் வரும் கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டா தன் முதல் வெளிநிலையத்தை அமெரிக்காவின் ஓக்லாண்டில் கட்டினால் அது ஆப்ரோஃபியூச்சரிசம், பக்கத்து ஆப்பிரிக்க நாட்டில் கட்டினால் ஆப்ரிகன்ஃபியூச்சரிசம். தென்னாப்பிரிக்க எழுத்தாளர் மொஹாலே மஷிகோவும், ஆப்பிரிக்காவில் வாழும் ஆப்பிரிக்கர்களுக்கான சொல் இது இல்லை என்று தன் சிறுகதைத் தொகுப்பின் முகப்பிலேயே எழுதியிருக்கிறார்.

தமிழில் என்ன சொல்வது? சட்டென்று வாயில் வருவது 'ஆப்பிரிக்க எதிர்காலவாதம்'. இதை ஏற்க எனக்கு இரண்டு தடைகள். ஒகோராஃபோர் பிரித்துக்காட்டிய இரண்டு சொற்களும் இதில் ஒன்றாகிவிடுகின்றன. அடுத்து, 'வாதம்' என்றால் ஏதோ ஒரு கட்சியை நிலைநாட்டுவது போலத் தொனிக்கிறது. 'எதிர்காலவியல்' என்பதும் ஆகாது. அது எதிர்காலத்தைக் கணிக்கும் துறைக்குப் பெயராகிவிட்டது.

'எதிர்காலம்' என்ற சொல்லை மட்டும் விட வேண்டாம். தொல்காப்பியம் முக்காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று வகுக்கிறது. எதிரே வருவது எதிர்காலம். எதிர்த்து நிற்பதற்கும் தமிழில் அதே 'எதிர்'தான். இந்த எழுத்தாளர்களுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். பெண்ணியம், இருத்தலியம், மார்க்சியம் என்று பழகிவிட்ட ஈற்றைச் சேர்த்தால் 'எதிர்காலியம்' கிடைக்கிறது.

முன்னொட்டுக்கு 'கறுப்பு' என்று போட்டால், 'கறுப்பு எதிர்காலம்' இருண்ட எதிர்காலம் போல ஒலிக்கிறது. அதனால் ஆட்களைச் சுட்டும் 'கறுப்பர்' பொருத்தம். வல்லின றகரத்தோடு எழுதுங்கள். 'கருப்பு' என்பதற்குப் பஞ்சம் என்ற பழைய பொருளும் இருக்கிறது. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று தொல்காப்பியம் 'கறுப்பு' என்பதைக் கோபத்தின் சொல்லாகவும் சொல்கிறது, நிறத்தைக் குறிக்கவும் உரியது என்று அடுத்த நூற்பாவில் சேர்க்கிறது. பழைய மொழிபெயர்ப்புகளில் வரும் 'நீக்ரோ' இன்றைய எழுத்தாளர் எவரைப் பற்றி எழுதும்போதும் வேண்டாம்.

ஆக, என் பரிந்துரை: ஆப்ரோஃபியூச்சரிசத்துக்குக் 'கறுப்பர் எதிர்காலியம்', ஆப்ரிகன்ஃபியூச்சரிசத்துக்கு 'ஆப்பிரிக்க எதிர்காலியம்'. ஒரு கட்டுரையில் முதல்முறை வரும்போது ஒலிபெயர்ப்பையும் பக்கத்தில் கொடுத்துவிட்டு, பிறகு தமிழ்ச்சொல்லையே தொடரலாம். பட்லர், டிலேனி, சாலமன் முதல் சொல்லின் கீழ் வருவார்கள். 'பிந்தி'யும், நைஜீரியாவில் நடக்கும் டாடே தாம்ப்சனின் 'ரோஸ்வாட்டர்' நாவலும் இரண்டாவதில். ஜெமிசினின் அந்த மூன்று நாவல்களில் ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்ற பெயர்களே இல்லை. ஆனாலும் ஒரு மக்கள்கூட்டத்தைப் பெயரில்லாத உடைமையாக்கும் அந்த ஏற்பாடு 1850இன் படிவத்தை நினைவூட்டுவதால், அவற்றைக் கறுப்பர் எதிர்காலியம் என்றே எழுதுவேன்.